18-ம் 23-ம் கூட்டினா 1823: ஏற்காட்டுலேர்ந்து வந்த ஒரு பைத்தான் கேள்வி

வணக்கம்ங்க. பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழியைப் பத்தின போன வீடியோவுக்குக் கீழ நிறைய கேள்வி வந்திருக்கு. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கறேன், ஏன்னா அந்த ஒரு கேள்விக்குள்ள நாலு கேள்வி இருக்கு. அப்படியே படிச்சுடறேன்.

"அண்ணா, நான் ஏற்காடு. பி.காம் ரெண்டாவது வருசம். ஆறு மாசமா வீடியோ பார்த்து பைத்தான் கத்துக்கறேன். எங்கப்பா காப்பி எஸ்டேட்ல மேஸ்திரி. பழம் எடுக்கறவங்களுக்கு மதியம் ஒரு எடை, மாலை ஒரு எடை போட்டு, ரெண்டையும் கூட்டி கிலோ கணக்குல கூலி போடுவாங்க. அதுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். சீனியர் ஒருத்தர் குடுத்த பழைய நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். கூலி 20 இலக்கத்துல வருது. ஒரு ஆன்லைன் குரூப்ல ஸ்கிரீனை போட்டோ எடுத்து 'புரோகிராம் வேலை செய்யலை, அர்ஜென்ட்'னு போட்டேன். ரெண்டு நாள் யாரும் பேசலை. மூணாவது நாள் ஒருத்தர், 'மொதல்ல அடிப்படையைப் படிச்சுட்டு வாம்மா'ன்னு போட்டுட்டார். எனக்கு இது வராதா அண்ணா? பேசாம ஏ.ஐ. கிட்டயே கேட்டுக்கட்டுமா?"

வரும் தங்கச்சி. அதுல சந்தேகமே வேண்டாம். அப்பாவோட எடைக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதணும்னு தோணுச்சு பாருங்க, அங்கயே பாதிப் பேரைத் தாண்டிட்டீங்க. வீடியோ பார்த்து, அதுல வர்ற அதே கால்குலேட்டரை அதே மாதிரி தட்டச்சு பண்றவங்கதான் நிறைய.

அந்த போட்டோவை எனக்கும் அனுப்பியிருந்தீங்க. மேல பாதி ஃபிளாஷ் அடிச்சு வெள்ளையா இருக்கு. மீதி 43 வரி. நான் உக்கார்ந்து ஒவ்வொண்ணா தட்டச்சு பண்ணித்தான் ஓட்டிப் பார்த்தேன். குரூப்ல ஏன் யாரும் பேசலைங்கறதுக்கு இதுவே பதில். அங்க பதில் சொல்றவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து, டீ குடிச்சுக்கிட்டே நாலு கேள்வி பார்ப்பாங்க. 43 வரியைத் தட்டச்சு பண்ண யாரு உக்காருவா? மனசு கெட்டவங்கன்னு இல்லைங்க. அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க, அவ்வளவுதான். அந்த "படிச்சுட்டு வாம்மா" ஆளை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். பதில் சொல்ல இஷ்டம் இல்லைன்னா சும்மா இருக்கலாம்.

இப்ப புரோகிராமுக்கு வரலாம். மதியம் 18 கிலோ, மாலை 23 கிலோ. கூலி கிலோவுக்கு 5 ரூபாய்னு புரோகிராம்லயே ஒரு உதாரணத்துக்கு எழுதியிருக்கீங்க. 41 கிலோ, 205 ரூபாய் வரணும். உங்களுக்கு வந்தது 18231823182318231823. இந்த நம்பரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. 1823, 1823, 1823, அஞ்சு தடவை. இது பெருக்கல் இல்லை, ஒரே சொல்லை அஞ்சு தடவை எழுதினது. அந்த 1823 என்னன்னு பார்த்தா, 18-ஐயும் 23-ஐயும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சது.

காரணம் இதுதான்: கீபோர்டுல அடிக்கறதை வாங்கற கட்டளை இன்புட். இப்ப இருக்கிற பைத்தான்ல இன்புட்-னு போட்டு நீங்க எதை வாங்கினாலும் அது எழுத்தாத்தான் வரும். நமக்கு அது பதினெட்டு. அதுக்கு ஒண்ணுங்கற எழுத்து, எட்டுங்கற எழுத்து. எழுத்தையும் எழுத்தையும் கூட்டினா ஒட்டும். எழுத்தை அஞ்சால பெருக்கினா அஞ்சு தடவை திரும்ப எழுதும். பைத்தான் தப்பே பண்ணலை, அதனாலதான் எரரும் வரலை. எரர் வர்ற தப்பு நல்ல தப்புங்க, கையைப் பிடிச்சு இங்க வான்னு காட்டும். இந்த மாதிரி சத்தம் போடாத தப்புதான் ஆளைச் சுத்த விடும்.

அப்ப சீனியரோட நோட்டு தப்பா? அங்கதான் விசேஷம். அந்த நோட்டு சரி. அது பைத்தான் 2-ங்கற பழைய வெர்ஷனோட நோட்டு. பைத்தான் 2-ல இன்புட்-னு போட்டா, நீங்க அடிச்சதை அது பைத்தான் கோடா, அதாவது புரோகிராம் வரியா, எடுத்துக்கிட்டு ஓட்டிப் பார்க்கும். 18-னு அடிச்சா எண்ணாவே கிடைக்கும். 18-ம் 23-ம் 41-ன்னு ஒழுங்கா வரும். எழுத்தா வேணும்னாதான் ரா இன்புட்-னு தனியா ஒண்ணு போடணும். ஆனா யாரு எதை அடிச்சாலும் கோடா ஓட்டறதுங்கறது வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கற மாதிரி, இல்லையா? பைத்தான் 3-ல அதைத் தூக்கிட்டாங்க. பழைய ரா இன்புட் பண்ணின வேலையைத்தான் இப்ப இன்புட் பண்ணுது. பேரு அதேதான், வேலை வேற.

பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பர்ல. பைத்தான் 2-க்கு ஆதரவை நிறுத்தினது 2020 ஜனவரி 1. நடுவுல 11 வருசம் ரெண்டும் சேர்ந்தே நடமாடிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் காலத்து நோட்டு, பி.டி.எஃப்., வீடியோ எல்லாம் இன்னும் காலேஜ்ல கைமாறிக்கிட்டு இருக்கு. வழக்கமா பழைய கோடுன்னா பிரிண்ட், அதாவது அச்சடிக்கிற வரியிலேயே மாட்டிக்கும், ஏன்னா பைத்தான் 3 கேட்கற அடைப்புக்குறி அதுல இருக்காது. உங்க சீனியர் நல்ல பழக்கமா அடைப்புக்குறி போட்டு வெச்சிருக்கார், அதனால அங்க தப்பிச்சு இங்க வந்து மாட்டியிருக்கு. குரூப்ல கேட்கறப்ப "எந்த வெர்ஷன்?"னு ஏன் கேட்கறாங்கன்னா இதுக்குத்தான்.

சரி, இன்புட்டைச் சுத்தி இண்ட்-னு போட்டா முழு எண்ணா மாறிடும். 205 வரும். ஆனா நாளைக்கே எடை 18.5-னு வரும், காப்பிப் பழம் நம்ம புரோகிராமுக்காக முழு எண்ணுலயா நிக்கும்? அப்ப சிவப்பா நாலஞ்சு வரி வந்து கொட்டும். பயந்துடாதீங்க. அதைக் கீழேயிருந்து மேல படிக்கணும். கடைசி வரியில, வேல்யூ எரர், இந்த எழுத்தை இண்ட்டா மாத்த முடியாதுன்னு சொல்லி, 18.5-ஐ மேற்கோள் குறிக்குள்ள காட்டும். அந்த மேற்கோள் குறிதான் துப்பு: இது எண் இல்லை, எழுத்துன்னு அது சொல்லுது. அதுக்கு மேல எத்தனாவது வரின்னு இருக்கும். இண்ட்டை எடுத்துட்டு, புள்ளி வெச்ச எண்ணுக்கான ஃப்ளோட் போட்டா முடிஞ்சுது.

நீங்க ஏற்காட்டுக்காரங்க, உங்களுக்கு இதைச் சொன்னா சட்டுனு புரியும். மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கு. பஸ் நின்னுடுச்சுன்னா டிப்போவுக்குப் போன் பண்ணி "பஸ் ஓடலை, அர்ஜென்ட்"னா மெக்கானிக் எங்க வருவார்? "14-வது வளைவுல நிக்குது, கியர் விழ மாட்டேங்குது"ன்னா ஆளு எந்தச் சாமானை எடுத்துக்கிட்டு வரணும்னு வரைக்கும் தெரிஞ்சு வருவார். எரர்ல இருக்கிற வரி நம்பர் அந்த வளைவு போர்டுதான். அதைக் காப்பி பண்ணி, எழுத்தாவே ஒட்டுங்க. போட்டோ வேண்டாம்.

ஒட்டறதுலயும் ஒரு சங்கதி இருக்கு. பெரும்பாலான மொழியில இடைவெளி அழகுக்கு, பைத்தான்ல இடைவெளிதான் இலக்கணம். எந்த வரி எதுக்குள்ள இருக்குன்னு முன்னால விடற இடத்தை வெச்சுத்தான் அதுக்குத் தெரியும். சும்மா பத்தி மாதிரி ஒட்டினா பல தளங்கள்ல அந்த இடைவெளி காணாமப் போயிடும். படிக்கறவருக்கு உங்க நிஜத் தப்பு எது, ஒட்டினதுல வந்த தப்பு எதுன்னு தெரியாது. நிறைய இடத்துல கோடுக்கு மேல மூணு பேக்டிக், கீழ மூணு பேக்டிக் போட்டா இருந்தபடியே நிக்கும். கீபோர்டுல 1-க்குப் பக்கத்துல இடதுபக்கம் இருக்குமே, அந்தக் குறி.

இப்ப என் கதை ஒண்ணு சொல்லணும். எங்க மாமா சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வெச்சிருந்தார். குடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசு, சேதாரம், இதெல்லாம் கிராம்ல மூணு புள்ளி வரைக்கும் எழுதுவாங்க. நான் பெரிய மேதாவி மாதிரி புரோகிராம் எழுதிக் குடுத்தேன். கணக்கு நேராகலைன்னு அது தினமும் எச்சரிக்கை போடும், மாமா நோட்டுல பார்த்தா நேராத்தான் இருக்கும். பட்டறை ஆளுங்க மேலயே சந்தேகம் வர்ற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு ராத்திரி தூக்கம் போயி, 200 வரியையும் தூக்கி ஒரு ஆன்லைன் மன்றத்துல போட்டேன். ஒருத்தர் ஒரே வரியில கேட்டார்: இதுல எந்த வரி தப்பு பண்ணுது, அதை மட்டும் காட்ட முடியுமான்னு. எனக்குச் சுர்ருனு கோவம். அது தெரிஞ்சா நான் ஏன் கேட்கறேன்?

ஆனா வேற வழி இல்லாம வெட்ட ஆரம்பிச்சேன். ஃபைலைப் படிக்கிற பகுதியை எடுத்தேன், தப்பு அப்படியே இருந்துச்சு. பேர் எல்லாம் எடுத்தேன், இருந்துச்சு. வெட்டி வெட்டிக் கடைசியில ஒரு வரி நின்னுச்சு: 0.1 கூட்டல் 0.2, அது 0.3-க்குச் சமமா? பைத்தான் இல்லைன்னுச்சு. கூட்டினா 0.30000000000000004-னு வருது. கம்ப்யூட்டர் எண்ணை ரெண்டின் அடுக்குலதான் வெச்சுக்கும், அதுல 0.1-ஐத் துல்லியமா எழுதவே முடியாது. பைத்தான்னு இல்லை, பெரும்பாலான மொழியில இதே கதைதான். நம்மளை மாதிரி பத்தின் அடுக்குலயே கணக்கு போடற டெசிமல்-னு ஒரு மாட்யூல் பைத்தான் கூடவே வருது, அதைப் போட்டேன். இல்லைன்னா எல்லாத்தையும் மில்லிகிராமா முழு எண்ணுல வெச்சுக்கலாம். பட்டறை ஆளுங்க மேல இருந்த சந்தேகம் தீர்ந்துச்சு. அந்த மன்றத்துக்குத் திரும்பிப் போய்க் கேள்வி கேட்கவே இல்லைங்க, பதிலைத்தான் எழுதினேன்.

அதனாலதான் தங்கச்சி, உங்க கேள்வியைச் சுருக்குங்கன்னு சொல்றேன். குரூப்ல இருக்கறவங்களுக்காக மட்டும் இல்லை. உங்க 43 வரியில எஸ்டேட் பேர் அச்சடிக்கிறது, தேதி போடறது எல்லாம் இருக்கு. அதெல்லாம் வேண்டாம். மதியத்தை வாங்கு, மாலையை வாங்கு, கூட்டு, அச்சடி. நாலே வரி. அதுக்குக் கீழ, 18-ம் 23-ம் குடுத்தேன், 41 எதிர்பார்த்தேன், 1823 வந்துச்சு, பைத்தான் இந்த வெர்ஷன். இப்படிப் போட்டிருந்தா பத்து நிமிசத்துல பதில் வந்திருக்கும். இல்லைன்னா எழுதும்போதே உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

இன்னொண்ணு. என்ன செய்யப் போறீங்கன்னும் ஒரு வரி சொல்லுங்க. "ஒரு நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்தை எப்படி வெட்டறது?"னு ஒருத்தர் கேட்பார். நாலு பேர் நாலு வழி சொல்லுவாங்க. கடைசியில பார்த்தா அவருக்கு வேண்டியது பைசாவை ரூபாயாக்கறது. அதை மொதல்லயே சொல்லியிருந்தா கதையே வேற.

இங்கிலீஷ் வரலைன்னு சிலர் தயங்குவாங்க, அது ஒரு தடை இல்லை. பைத்தான் 3-ல மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டு வெக்கிற இடங்களுக்கு, தமிழ்லயே பேர் வெக்கலாம், மதியம், மாலை, மொத்தம்னு எழுதினா அப்படியே ஓடும். உங்க கோப்புக்கு அப்படியே வெச்சுக்கோங்க. வெளிநாட்டுக்காரங்க இருக்கிற இடத்துல கேட்கறப்ப மட்டும் மாத்திக்கோங்க, பாவம் அவங்க படிக்கணும். ஆனா ஆளுங்க பேரைத் தமிழ்ல வெச்சு அட்டவணையில நேரா வரிசைப்படுத்தப் போனீங்கன்னா கோணும், இப்பவே சொல்லிடறேன். ஏற்காடுக்கு எத்தனை எழுத்து? நமக்கு நாலு. நீளத்தைச் சொல்ற லென்-னு கேட்டா பைத்தான் 7-ங்கும். புள்ளி, கால், உகரக்குறி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். சேலம்னு எழுதித் திருப்பிப் போட்டீங்கன்னா புள்ளி மொதல்ல வந்து நிக்கும், பார்க்கவே பரிதாபமா இருக்கும். இதுக்குன்னே ஓபன்-தமிழ்னு ஒரு லைப்ரரி, அதாவது எடுத்துப் போட்டுக்கற ரெடிமேட் கோடு, இருக்கு, நம்ம ஆளுங்க எழுதினது, பிப்-ங்கற இன்ஸ்டால் கருவி மூலமா கிடைக்கும். அது சே, ல, ம்-னு ஒழுங்காப் பிரிச்சுக் குடுக்கும்.

ஏ.ஐ. கிட்ட கேட்கலாமான்னு கேட்டீங்க. கேளுங்க, நானும் கேட்கறேன். எரரோட அர்த்தத்தை விளக்கச் சொல்லுங்க, நல்லாச் சொல்லும். ஆனா "கூலி புரோகிராம் எழுதிக் குடு"ன்னு வாங்கி அப்பா கையில குடுத்துடாதீங்க. மதியம் 18, மாலை 23-ன்னு கையால கூட்டின விடை உங்க கிட்ட இருக்கணும், அதோட ஒத்துப் பார்க்கணும். அடுத்தவங்க கூலி அது. அப்புறம், அதுகிட்டயும் "வேலை செய்யலை"ன்னு மட்டும் சொன்னா அதுவும் குத்துமதிப்பாத்தான் அடிக்கும்.

குரூப்ல கடுமையாப் பேசறது பைத்தான் உலகத்துல புதுசும் இல்லை. இந்த மொழியை உண்டாக்கினவர் கைடோ வான் ரோசம், நெதர்லாந்துக்காரர். 1989 கிறிஸ்துமஸ் லீவுல ஆரம்பிச்சு 1991-ல வெளியிட்டார். ஒரு சின்னக் குறியை, முக்காற்புள்ளி மாதிரி ரெண்டு புள்ளியும் சமக்குறியும் சேர்ந்தது, அதைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு பெரிய வாக்குவாதம். குறியைச் சேர்த்தார், ஆனா சண்டையில அலுத்துப்போய் 2018 ஜூலையில தலைமைப் பொறுப்புல இருந்தே விலகிட்டார். அப்புறம் தேர்தல் வெச்சு அஞ்சு பேர் குழு பார்த்துக்குது. அவருக்கே அந்தக் கதின்னா, "படிச்சுட்டு வாம்மா"வுக்கெல்லாம் நீங்க கலங்கலாமா?

அதே குரூப்ல அந்த நாலு வரியைப் போடுங்க. விடை தெரிஞ்சாலும் போடுங்க, கீழ நீங்களே பதிலையும் எழுதுங்க. பழைய நோட்டை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை பேர் முழிச்சுக்கிட்டு இருக்காங்களோ.

அடுத்த கேள்வி ஆத்தூர்லேர்ந்து. பிப் இன்ஸ்டால் பண்ணினா ஆயிடுச்சுங்குது, இம்போர்ட் பண்ணினா இல்லைங்குதுன்னு கேட்டிருக்கார். உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு பைத்தான் உக்கார்ந்திருக்குங்க, அதைத் தனி வீடியோவுலதான் பார்க்கணும்.