நான்கு பாகம் படித்துவிட்டு நாங்கள் போட்ட சண்டை

வணக்கம் மக்களே. போன வீடியோவில் சொன்னபடி இன்றைக்கு ஜீன் வுல்ஃப் எழுதிய 'தி புக் ஆஃப் தி நியூ சன்' பற்றிப் பேசப் போகிறேன். ஒரே நாவல்தான், ஆனால் நான்கு பாகமாக வந்தது, 1980-ல் ஆரம்பித்து 1983-ல் முடிந்தது. இப்போது வாங்கினால் இரண்டிரண்டு பாகமாகச் சேர்த்து இரண்டு குண்டுப் புத்தகமாகக் கிடைக்கும். இதை நான் தனியாகப் படிக்கவில்லை. நான், என் தம்பி, ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, கல்லூரி நண்பன் ஒருவன், நான்கு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழு போட்டு வாரத்துக்கு இத்தனை அத்தியாயம் என்று கணக்கு வைத்துப் படித்தோம். நண்பன் முதல் பாகத்தோடு கழன்றுகொண்டான். அக்கா கடைசி வரை படித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவே இல்லை" என்றார். தம்பி முடித்த அன்று ராத்திரியே மறுபடி முதல் பக்கத்தைத் திறந்துவிட்டான். அந்தச் சண்டையைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன். கதையில் வருவது கொஞ்சம் வெளியே வரும், வேண்டாம் என்பவர்கள் இப்போதே போய்விடலாம்.

கதை இதுதான். நினைத்துப் பார்க்க முடியாத தூரத்து எதிர்காலம், சூரியன் மங்கிக்கொண்டு வருகிறது, பூமிக்கே வயதாகிவிட்டது. நெஸஸ் என்றொரு பெரிய நகரம். அங்கே சித்திரவதைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அதில் சின்ன வயதிலிருந்து வேலை பழகும் பையன் செவேரியன். அவன் அங்கே அடைபட்டிருக்கும் தெக்லா என்ற பெண்ணிடம் மனசைப் பறிகொடுக்கிறான். அவளைச் சித்திரவதை செய்துவிடுகிறார்கள். அவளால் அதைத் தாங்க முடியவில்லை, உயிரை விட்டுக்கொள்ள ஒரு கத்தியைக் கொடுக்கிறான். சங்கத்தில் இரக்கம்தான் குற்றம். அவனைத் தொலைதூர ஊர் ஒன்றுக்கு தலை வெட்டும் தண்டனைக்காரனும் சிறைக் காவலனுமாக வேலை பார்க்க அனுப்பிவிடுகிறார்கள், கையில் ஒரு வாளையும் கொடுத்து. மிச்சமெல்லாம் அந்தப் பயணம்தான். அவன் ஒரு நாள் ஆட்சிக் கட்டிலில் உட்காரப் போகிறான் என்பதை முதல் அத்தியாயத்திலேயே அவனே சொல்லிவிடுகிறான், அதனால் அது பெரிய ரகசியம் இல்லை.

இதைக் கேட்டால் வாள், அங்கி, கோபுரம், முகமூடி என்று முழு ஃபேன்டஸி மாதிரிதானே இருக்கிறது? அங்கேதான் விஷயம். அந்தச் சங்கத்தின் கோபுரம் உலோகத்தால் ஆனது. கொஞ்சம் யோசித்தால், அது என்றைக்கோ வந்து இறங்கி அப்படியே நின்றுபோன விண்கலம் என்று தெரியும். ஆனால் செவேரியன் அதை ஒரு வார்த்தையில் சொல்ல மாட்டான், ஏனென்றால் அவனுக்கு அது வீடு. நாம் இருக்கும் வீட்டைப் பற்றி யாரிடம் நின்று விளக்குகிறோம்? வானத்தில் நிலா பச்சையாக இருக்கிறது, அதையும் அவன் அதிசயமாகச் சொல்வதில்லை.

எனக்குப் பொறி தட்டிய இடம் ஒன்று சொல்கிறேன். ஒரு கிழவர் பழைய ஓவியங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு படம்: கவசம் போட்ட ஒரு வீரன், வெறிச்சோடிய நிலத்தில் நிற்கிறான், ஆயுதம் இல்லை, விறைப்பாக நிற்கும் ஒரு விசித்திரமான கொடி, முகத்தை மூடிய தங்க நிறக் கண்ணாடியில் அந்தப் பாலைவனம் மட்டும் தெரிகிறது. நான் இதை ஏதோ பழைய போர்க்காட்சி என்று நினைத்துக் கடந்துபோய்விட்டேன். ராத்திரி பதினோரு மணிக்குத் தம்பி குழுவில் ஒரு போட்டோ அனுப்பினான், ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 1969-ல் அப்போலோ 11 நிலாவில் எடுத்த படம். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காற்றே இல்லாத இடத்தில் கொடி விறைப்பாக நிற்பதற்குக் குறுக்கே ஒரு கம்பி வைத்தார்கள் இல்லையா, அந்தக் கொடிதான்! நம்முடைய பெருமையெல்லாம் அவர்களுக்கு அழுக்குப் படிந்த ஒரு ஓவியம், யார் என்று பெயர் தெரியாத ஒரு வீரன்.

இந்த இடத்தைச் சொன்னதும் நண்பன் கேட்டான்: "இதைக் கண்டுபிடிக்கத்தான் நான் இவ்வளவு கஷ்டப்படணுமா?" அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவனுக்கு முதல் பிரச்சினையே வார்த்தைகள். வுல்ஃப் இதில் வரும் வினோதமான சொற்களைக் கற்பனையாக உருவாக்கவில்லை, பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம், பழைய ஆங்கிலம் என்று வழக்கொழிந்துபோன உண்மையான சொற்களைத் தோண்டி எடுத்திருக்கிறார். பின்னிணைப்பில் ஒரு விளையாட்டும் இருக்கிறது: இது இன்னும் பிறக்காத ஒரு மொழியில் எழுதப்பட்ட புத்தகம், நான் மொழிபெயர்த்தேன், சரியான சொல் இல்லாத இடத்தில் ஏறக்குறைய பொருந்தும் பழைய சொல்லைப் போட்டேன் என்கிறார். நண்பன் ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் போன் என்று அகராதி பார்த்தே களைத்துப்போனான். நான் பார்க்கவே இல்லை. பழைய பாட்டில் தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் பார்த்து ஒரு மாதிரி ஊகித்துக்கொண்டு போவோமே, அப்படித்தான் போனேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அவனுடைய இரண்டாவது புகாருக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் பாகம் முழுக்கப் படித்து முடித்தால் பையன் இன்னும் அந்த நகரத்தின் வாசலில்தான் நிற்கிறான்! இரண்டாம் பாகம் வேறொரு ஊரில் தொடங்குகிறது, வாசலில் நடந்த கலாட்டா என்ன ஆனது என்று காட்டாமலே. ஆனால் முதல் பாகத்தின் கடைசியில் செவேரியன் நம்மிடமே பேசுகிறான்: ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு உங்களைக் கூட்டி வந்துவிட்டேன், இதற்கு மேல் வர விருப்பம் இல்லை என்றால் குறை சொல்ல மாட்டேன், இது சுலபமான வழி இல்லை என்கிற மாதிரி. நண்பன் இதைப் படித்துவிட்டு, "அவரே பர்மிஷன் கொடுத்துட்டாரு" என்று குழுவில் போட்டுவிட்டுப் போய்விட்டான். நாகரிகமான வெளியேற்றம், நான் பாராட்டுகிறேன்.

ஒரு நிமிஷம், குக்கர் விசில். சரி.

அக்காவின் கோபம் வேறு மாதிரி. வழியில் வரும் பெண் யாராக இருந்தாலும் செவேரியனுக்கு ஒரு கண். அகியா வந்தால் கிழிந்த உடை, ஜொலென்டா வந்தால் உடம்பு வர்ணனை பக்கம் பக்கமாக. ஜொலென்டாவோடு படகில் போகிற காட்சியில், அவள் அரைத் தூக்கத்தில் இருக்கிறாள், அக்கா அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் திறக்கவில்லை. தம்பி வாதாடினான்: செவேரியன் நம்பத்தகாத ஆள், ஆண்கள் மட்டும் இருக்கும் இடத்தில், சித்திரவதை செய்யக் கற்றுக்கொண்டு வளர்ந்தவன், அவன் பார்வை கோணலாக இருப்பதைக் காட்டத்தான் எழுத்தாளர் அப்படி எழுதியிருக்கிறார். அதற்கு அக்கா சொன்னார்: "தப்பெல்லாம் கதாபாத்திரம் செஞ்சது, நல்லதெல்லாம் எழுத்தாளர் செஞ்சதா? அப்ப எழுத்தாளர் எதுக்குத்தான் பொறுப்பு?" தம்பியிடம் பதில் இல்லை. நான் அக்கா பக்கம். செவேரியன் தனக்கு எதுவுமே மறக்காது என்று திரும்பத் திரும்பச் சொல்பவன், ஆனால் சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது, அவன் எதையோ மறைக்கிறான் என்பது உண்மைதான். அதற்காக எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுத முடியாது.

இப்போது எனக்கும் தம்பிக்கும் உள்ள சண்டை. எதைக் கேட்டாலும் அவன் பதில் ஒன்றுதான்: "ரெண்டாவது தடவை படி, புரியும்." இந்தப் புத்தகத்தின் ரசிகர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனிடம் நாளைக்கு வா, அப்போதுதான் ருசி தெரியும் என்பது என்ன விருந்து? வுல்ஃப் தொழிலால் இன்ஜினியர், பிரிங்கிள்ஸ் சிப்ஸ் வேகவைக்கும் இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு, பிறகு 'பிளான்ட் இன்ஜினியரிங்' என்ற தொழில் பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்துகொண்டுதான் இதை எழுதினார். அதனால் இவர்கள் புத்தகத்தையும் இயந்திரம் மாதிரி கழற்றிக் கழற்றிப் பார்க்கிறார்கள். எனக்குக் கழற்றாமல் பார்த்தாலும் ஓட வேண்டும்.

ஓடுகிறது என்பதுதான் வேடிக்கை. மூன்றாம் பாகத்தில் அல்சாபோ என்றொரு மிருகம். அது யாரைத் தின்கிறதோ அவர்களுடைய நினைவும் குரலும் அதற்குள் வந்துவிடும். மலைக்காட்டில் ஒரு தனி வீடு, ராத்திரி, உள்ளே ஒரு அம்மா. வெளியே கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பெண் குழந்தையின் குரல் கேட்கிறது, கதவைத் திற என்று. குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரிகிறது இல்லையா, நான் அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக் கதவை ஒரு தடவை பார்த்தேன். அதைவிடக் கொடுமை, கதை சொல்லும் செவேரியனே இரண்டாம் பாகத்தில் இதே மிருகத்திலிருந்து எடுத்த மருந்தோடு இறந்துபோன தெக்லாவின் சதையைச் சாப்பிட்டிருக்கிறான். அவளும் அவனுக்குள் இருக்கிறாள். அதற்கப்புறம் 'நான்' என்று வரும் இடமெல்லாம் யார் பேசுகிறார்கள்? இது பேயா, விஞ்ஞானமா என்று பிரித்துக்கொண்டிருக்க நேரமே இல்லை.

நான்காம் பாகத்தில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சியில் மூன்று பேருமே ஒன்றுபட்டோம். காயம்பட்ட சிப்பாய்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எதிரிநாட்டு அஷியன் கைதி ஒருவன் இருக்கிறான். அவன் நாட்டில் அரசாங்கம் அங்கீகரித்த வாசகங்களைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது, அவனுக்கு வேறு பேச்சே தெரியாது. அவனும் கதை சொல்கிறான், அந்தக் கோஷங்களை மட்டும் வைத்தே! பக்கத்தில் ஃபோய்லா என்ற பெண் ஒவ்வொரு வாசகத்துக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டு வருகிறாள். நியாயம் கேட்டுத் தலைநகரத்துக்குப் போய் அடிபட்டுத் திரும்பி, மறுபடியும் போகும் ஒரு மனிதனின் கதை. வாயில் திணித்த வார்த்தைகளை வைத்தே அவன் தன் கதையைச் சொல்லிவிடுகிறான். அக்கா இதை இரண்டு தடவை படித்தாராம். கழன்றுகொண்ட நண்பனுக்கு இந்த அத்தியாயத்தை மட்டும் அனுப்பினோம், "இதை முதல்லயே அனுப்பியிருக்கக் கூடாதா" என்று திட்டினான்.

சரி, ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், தம்பி இந்த வீடியோவைப் பார்ப்பான். முதல் பாகத்தில் ஒரு ஏரி வரும், இறந்தவர்களின் உடலுக்கு எடை ஏற்றி அதில் மூழ்க வைப்பார்கள். படகில் ஒரு கிழவர், வெகுநாள் முன்னால் செத்துப்போன இளம் மனைவியின் உடலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அதே ஏரியிலிருந்து டோர்க்காஸ் என்ற பெண் உயிரோடு வெளியே வருகிறாள். இரண்டையும் படித்தேன், முடிச்சுப் போடவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு இடத்தை மட்டும் சரிபார்க்கலாம் என்று எடுத்தேன், நிமிர்ந்து பார்த்தால் அறுபது பக்கம் போயிருந்தது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அஞ்சாவதாக ஒரு புத்தகம் இருக்கிறது, 'தி அர்த் ஆஃப் தி நியூ சன்', 1987-ல் வந்தது. தம்பி அதைப் படித்தே ஆகணும் என்கிறான், அக்கா முடிந்த கதையை எதற்கு நோண்டுவது என்கிறார். வாங்கி வைத்துவிட்டேன், இதோ பின்னால் அலமாரியில் தெரிகிறதே, அதுதான். படித்தவர்கள் இருந்தால் படிக்கலாமா வேண்டாமா என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள், சூரியன் என்ன ஆச்சு என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.