ஓய்வு தர வேண்டியது அரசே!

நடுவர் அவர்களுக்கும், தூறல் போட்டும் எழுந்து போகாத உங்களுக்கும் வணக்கம்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வீட்டில் கவனித்துக்கொள்பவருக்கு ஓய்வு தர வேண்டியது உறவா, அரசா? அரசே என்பது எங்கள் கட்சி. எதிரணி அண்ணன் கேட்டார்: "பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள லீவு லெட்டரா?" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஆண்கள் பக்கம்தான் சத்தம் அதிகம்!

அண்ணே, எங்கள் தெருவில் ஓர் அக்கா. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாமியாருக்குப் பக்கவாதம். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரிக்கும் அதே கணக்குதான். நீங்கள் சொல்லும் உறவு அங்கே வந்தது. கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். "சர்க்கரை கம்மியா ஒரு காபி கொடும்மா" என்றது. குடித்தது. "அத்தை இளைச்சிட்டாங்களே, ஒழுங்கா சாப்பாடு கொடுக்கிறியா?" என்றது. கிளம்பும்போது, "உனக்குக் கோடி புண்ணியம்!" அடுத்த வாரம் இன்னோர் உறவு, இன்னொரு ஹார்லிக்ஸ், இன்னொரு கோடி! புண்ணியத்தில் அக்கா கோடீஸ்வரி, நடுவர் அவர்களே! தூக்கத்தில்தான் பரம ஏழை. வந்தவர்களில் ஒருவராவது, "நீ போய்க் கொஞ்சம் படு, நான் பார்த்துக்கிறேன்" என்றாரா? சரி, குடித்த டம்ளரையாவது கழுவி வைத்தாரா?

பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். விட்டுப் போனவனுக்குச் சட்டம் இருக்கிறது; விடாமல் இருப்பவளுக்கு? மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் சமர்த் திட்டத்தில், கவனிப்பு தேவைப்படுபவரைத் தற்காலிகமாகத் தங்கவைக்க வழி உண்டு. ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற சில குறைபாடுகளுக்குத்தான். பக்கவாதம் வந்த பாட்டிக்கு இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையோடும் பிசியோதெரபியோடும் வீட்டுக்கே வருகிறது. நல்லது. வாசல்வரை வந்த அரசு, பயிற்சி பெற்ற ஒருவரை மாதத்தில் இரண்டு நாள் அங்கே உட்கார வைக்கட்டும். கேட்பது அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம்.

போன ஆடியில் அக்காவின் அம்மா இறந்துபோனார். பெற்ற தாய், அண்ணே! மாலையைப் போட்டாள், எடுக்கும்வரை இருக்கவில்லை, பஸ் ஏறிவிட்டாள். இங்கே மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க ஆள் இல்லை. பதினாறாம் நாளுக்கும் போகவில்லை. வருகிற ஆடியில் முதல் திதி. அதற்காவது அவள் போய், ஒருநாள் தங்கி, வாய்விட்டு அழுதுவிட்டு வரட்டும் என்று தீர்ப்பு எழுதுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.