சான் மிகெலை ஊற்றிலிருந்து நடந்து பாருங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஊரை நடந்து பார்ப்பது பற்றி. ஊரின் பெயர் சான் மிகெல் தெ அயெந்தே. மெக்சிகோவின் நடுப்பகுதியில், குவானஹுவாத்தோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்புக் கல்லில் கூர்கூரான கோபுரங்கள் கொண்ட ஒரு தேவாலயம், அதை நோக்கி ஏறும் கல் பாவிய தெரு, இருபுறமும் காவியும் மஞ்சளும் பூசிய சுவர்கள்.

வழிகாட்டி வைத்து நடப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தேவாலயத்தின் முன்னாலிருந்துதான் தொடங்குகிறார்கள். வருகிறவர்களுக்கு அதுதான் தெரிந்த முகம் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அழகை முதலிலேயே காட்டிவிட்டால் அதற்கப்புறம் பார்ப்பதெல்லாம் அழகின் கணக்கிலேயே சேர்ந்துவிடும். இந்த ஊரை யார் கட்டினார்கள், யார் உழைப்பு இதில் இருக்கிறது என்ற கேள்வி எழாமலே போய்விடும். அதனால் நான் வேறொரு வழி சொல்கிறேன். ஊருக்குத் தெற்கே, சரிவில் இருக்கும் எல் சோர்ரோ என்ற ஊற்றிலிருந்து தொடங்குங்கள். ஊரே அங்கிருந்துதான் தொடங்கியது.

1542இல் ஹுவான் தெ சான் மிகெல் என்ற பிரான்சிஸ்கன் துறவி லாஹா ஆற்றை ஒட்டி ஒரு சிறு குடியிருப்பை அமைத்தார். அங்கே தண்ணீர் போதவில்லை. 1551இல் சிச்சிமெகா மக்கள் அதைத் தாக்கினார்கள். தங்கள் நிலத்துக்குள் புகுந்தவர்களை எதிர்த்தார்கள் என்று சொல்வதே சரி. அதன்பின் குடியிருப்பு இந்த ஊற்றுப் பக்கம் இடம் மாறியது. துறவியின் நாய்கள் தாகத்தோடு ஓடிவந்து இந்த ஊற்றைக் கண்டுபிடித்தன என்று ஒரு கதை உண்டு. கதையை விட்டுவிடுவோம். அதற்குள் நடந்த இன்னொன்றுதான் ஊரின் தலையெழுத்தை மாற்றியது. 1546இல் வடக்கே சகதேகாஸில் வெள்ளி கிடைத்தது. அந்த வெள்ளி மெக்சிகோ நகரம் போய்ச் சேரும் பாதை இந்தப் பக்கமாக வந்தது. பாதைக்குக் காவல் வேண்டும், கழுதைகளுக்குத் தண்ணீர் வேண்டும், வண்டிக்காரர்களுக்குச் சேணமும் போர்வையும் இரும்புச் சாமானும் வேண்டும். இது எல்லாவற்றையும் கொடுத்துத்தான் சான் மிகெல் பணக்கார ஊரானது. இங்கே வெள்ளிச் சுரங்கம் கிடையாது. வெள்ளி போகிற வழியில் தண்ணீர் இருந்தது, அதுதான் இந்த ஊரின் மூலதனம்.

எல் சோர்ரோவில் துணி துவைக்கும் பொதுத் தொட்டிகளை அவசியம் நின்று பாருங்கள். வளைவான சுவரை ஒட்டி, செங்காவி நிறத்தில், ஒன்றையடுத்து ஒன்றாகக் கல் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தேய்க்க வசதியாகச் சரிவாக வைத்த கல். தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கைபட்டு அந்தக் கல்லின் மேற்பரப்பு வழவழப்பாகிவிட்டது, விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். பெரிய வீடுகளின் வெள்ளைத் துணிகளும் அவர்கள் சொந்தத் துணிகளும் இங்கேதான் வெளுத்தன. ஊரின் முக்கால்வாசிச் செய்தி இங்கேதான் பேசப்பட்டிருக்கும். நல்ல வழிகாட்டி என்றால் இங்கே கால் மணி நேரமாவது நிற்பார்.

அங்கிருந்து பூங்காவைக் கடந்து அல்தாமா தெருவில் ஏறுங்கள். உயரமான ஊர், மூச்சு வாங்கும், மெதுவாகவே போகலாம். தெரு முழுக்க உருளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள், நடைபாதை ஒரு ஆள் அகலம்தான். எதிரே யாராவது வந்தால் ஒருவர் கீழே இறங்கி வழிவிட வேண்டும், இறங்கும்போது ஒரு வணக்கமும் சொல்லிக்கொள்வார்கள். தலைக்கு மேலே பாருங்கள். மொட்டை மாடிகளிலிருந்து கல் தூம்புகள் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், மழைத் தண்ணீர் அதன் வழியே கொட்டும். மூலை வீடுகளில் மாடம் வைத்து உள்ளே ஒரு புனிதர் சிலை இருக்கும். இந்தத் தெருவின் முடிவில்தான் அந்த இளஞ்சிவப்புக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழுந்து வருகிறது. தொட்டிகளைப் பார்த்துவிட்டு வரும்போது இதைப் பார்க்கும் மனநிலையே வேறு.

சரி, தேவாலயத்துக்கு வருவோம். பரோக்கியா என்பார்கள். உள்ளே இருக்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படங்களில் நாம் பார்க்கும் முகப்பு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதைக் கட்டியவர் செஃபெரினோ குத்தியெர்ரெஸ், உள்ளூர்க் கொத்தனார், பூர்வகுடி வம்சத்தவர். கட்டடக்கலைப் படிப்பு எதுவும் கிடையாது. ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்களை அவர் நேரில் பார்த்ததில்லை, அஞ்சலட்டைகளிலும் அச்சுப் படங்களிலும் பார்த்துத்தான் இதை வடிவமைத்தார் என்பது ஊர் வழக்கு. காலையில் வேலை தொடங்குமுன் அன்றைக்குக் கட்ட வேண்டியதை மணலில் குச்சியால் வரைந்து ஆட்களுக்குக் காட்டுவாராம்.

இதைச் சொல்லும்போது சில வழிகாட்டிகள் ஒரு சிரிப்போடு சொல்வதுண்டு. ஐரோப்பியக் கோதிக் இலக்கணத்துக்கு இது பொருந்தவில்லை என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பொருந்தாததால்தான் இது செஃபெரினோவின் வேலை. உள்ளூர்க் கந்தேரா கல்லின் நிறத்தையும் பதத்தையும் அறிந்த கை, தூரதேசத்து வடிவம் ஒன்றைத் தன் வழியில் யோசித்திருக்கிறது. சாயங்கால வெயில் பட்டால் அந்தக் கல் ரோஜா நிறத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறும். கோபுரத்தின் நிழல்கள் எப்படி விழும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய மனிதர் அவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முகப்பை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே ஒரு கிறிஸ்து உருவம் இருக்கிறது, வெற்றியின் ஆண்டவர் என்று அழைக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாத்ஸ்குவாரோ பகுதிப் பூர்வகுடிக் கலைஞர்கள் செய்தது. மரமும் இல்லை, கல்லும் இல்லை. மக்காச்சோளத் தட்டையின் உள்ளிருக்கும் வெண்மையான சோற்றுப் பகுதியை அரைத்து, ஆர்க்கிட் கிழங்கின் பசையோடு பிசைந்து உருவாக்கியது. தெய்வ உருவங்களைச் சோளத்தட்டையில் செய்வது ஸ்பானியர் வருவதற்கு முன்பே அந்த மக்களிடம் இருந்த கலை. எடை குறைவு, எளிதில் தூக்கிக்கொண்டு போகலாம். வந்தவர்களின் கடவுளை இந்த மண்ணின் பயிரால் வனைந்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் முதல் வெள்ளிக்கிழமை கொஞ்செரோ என்ற பூர்வகுடி மரபு ஆட்டக்காரர்கள் இறகுக் கிரீடமும் காலில் சலங்கைக் காய்களுமாக வந்து இவர் முன்னால் ஆடுகிறார்கள். அந்த நாளில் போக முடிந்தால் போங்கள்.

வெளியே வந்தால் ஹார்தின் என்ற சதுக்கம். தலை மட்டமாகக் கத்தரித்த மரங்களின் நிழலில் இரும்பு பெஞ்சுகள். அந்த மரங்களை இந்திய லாரல் என்கிறார்கள், நம் ஆலமரத்தின் தாயாதிதான். சாயங்காலமானால் கரிய பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அடைந்து, பேச்சே கேட்காத அளவுக்கு இரைச்சல் போடும்.

சதுக்கத்தின் மூலையில், மெக்சிகோ விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான இக்னாசியோ அயெந்தே 1769இல் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1826இல் ஊரின் பெயரோடு சேர்த்தது இவர் பெயரைத்தான். இங்கே ஒரு இரவின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1810 செப்டம்பர். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கெரெத்தாரோவில் கூடிப் பேசியவர்களின் திட்டம் வெளிப்பட்டுவிட்டது. அந்த ஊர் அதிகாரியின் மனைவி ஹோசெஃபா ஒர்த்தீஸும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வீட்டில் பூட்டப்பட்ட நிலையிலும் சிறைக் காவலர் இக்னாசியோ பெரெஸ் மூலம் சேதி அனுப்பினார். பெரெஸ் குதிரையில் சான் மிகெல் வந்தார். அயெந்தே வீட்டில் இல்லை, பக்கத்து ஊரான தொலோரெஸில் பாதிரியார் மிகெல் இதால்கோவோடு இருந்தார். இங்கிருந்த இன்னொரு கூட்டாளி ஹுவான் அல்தாமா சேதியை வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தொலோரெஸுக்குப் போனார். விடியுமுன் இதால்கோ தேவாலய மணியை அடித்து மக்களைத் திரட்டினார். மெக்சிகோவின் விடுதலைப் போர் அப்படித்தான் தொடங்கியது. அன்றே அந்தக் கூட்டம் வழியில் அத்தொத்தொனில்கோ ஆலயத்தில் குவாதலூபே மாதாவின் உருவத்தைக் கொடியாக எடுத்துக்கொண்டு, சாயங்காலம் சான் மிகெலுக்குள் நுழைந்தது. நீங்கள் ஏறிவந்த தெரு அந்த அல்தாமாவின் பெயரில் இருக்கிறது. அடுத்த ஆண்டே இவர்கள் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இதால்கோ, அயெந்தே, அல்தாமா, அவர்களோடு சேர்ந்து போரிட்ட ஹிமெனெஸ் நால்வரின் தலைகளும் குவானஹுவாத்தோ நகரத் தானியக் களஞ்சியத்தின் நான்கு மூலைகளில் 1821 வரை தொங்கின.

அங்கிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி ஒராத்தோரியோ தேவாலயம். 1712இல் இங்கே வந்த குருமார்கள் கட்டியது. ஆனால் அதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி கலந்த முலாத்தோ மக்கள் தங்களுக்கென்று எழுப்பியது. அது அவர்கள் கையை விட்டுப் போனது, அவர்கள் எதிர்த்தும் நடக்கவில்லை. முகப்பின் அழகிய கல் வேலையைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் நகர்கிற வழிகாட்டியிடம் நீங்களே கேளுங்கள். மெக்சிகோவின் ஆப்பிரிக்க மக்களின் வரலாறு இப்படித்தான் சுவருக்குள் போய்விட்டது.

கடைசியாகக் கொன்செப்சியோன் மடம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கனால் குடும்பத்துப் பெண் ஹோசெஃபா லினா தன் சொத்தைக் கொடுத்துத் தொடங்கியது. 1938இல் இதற்குள் ஓவியப் பள்ளி வந்தது. பெரு நாட்டவரான கொஸ்ஸியோ தெல் பொமார் நிறுவினார். முந்தைய ஆண்டு ஊருக்கு வந்த ஸ்டெர்லிங் டிக்கின்சன் என்ற அமெரிக்கர் அதை நடத்த உதவினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்க அரசின் படிப்பு உதவித்தொகையை வைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர்கள் இங்கே படிக்க வந்தார்கள். வெளிநாட்டவர் குடியேறும் ஊராக இது மாறியது அங்கிருந்துதான். அந்த மாணவர்களோடு சேர்ந்து மெக்சிகோவின் புகழ்பெற்ற சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் மடத்தின் பழைய உணவுக்கூடத்தில் அயெந்தேயின் வாழ்க்கையைச் சுவரோவியமாகத் தீட்டத் தொடங்கினார். பள்ளியின் பொறுப்பாளரோடு தகராறு வந்து 1949இல் பாதியில் விட்டுவிட்டுப் போனார். சுவரும் கூரையும் சேருமிடமே தெரியாதபடி கோடுகளும் நிறப் பட்டைகளும் அறை முழுக்க ஓடுகின்றன. ஒரு மனித உருவம்கூட முழுதாக வரவில்லை. நடுவில் நின்று மெதுவாகச் சுற்றிவந்தால் கோடுகள் உங்களோடு நகரும்.

இன்றைய நிலையையும் சொல்லியாக வேண்டும். ஊரின் நடுவில் பழைய வீடுகள் பெரும்பாலும் வெளியாட்கள் கைக்குப் போய்விட்டன. சமைப்பவர், துடைப்பவர், கல் செதுக்குபவர் விலை தாங்காமல் புறநகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இருந்து வேலைக்கு வருகிறார்கள். ஏற்றுமதிக் காய்கறித் தோட்டங்களுக்காக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதால் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆர்செனிக்கும் ஃபுளோரைடும் இருக்கின்றன. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்கள் பழுப்பாகிச் சிதைகின்றன. கமினோஸ் தெ ஆகுவா என்ற அமைப்பு கிராமங்களில் மழைநீர்த் தொட்டிகள் கட்டிக்கொடுக்கிறது.

அதனால்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்ரோனாத்தோ ப்ரோ நீன்யோஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் நடை ஒன்று ஹார்தினிலிருந்து புறப்படுகிறது. நீங்கள் கொடுக்கும் பணம் ஏழைக் குழந்தைகளின் மருத்துவத்துக்கும் பல் சிகிச்சைக்கும் போகிறது. பல் மருத்துவ வேன் ஒன்று கிராமப் பள்ளிகளுக்கே போய் நிற்கிறது. அந்த நடையில் சேருங்கள். அதற்கு முன் காலையிலேயே எழுந்து, தனியாக எல் சோர்ரோ வழியே மேலே ஏறி வந்துவிடுங்கள். ஒராத்தோரியோவில் அந்த முலாத்தோ சிற்றாலயத்தைப் பற்றி மறக்காமல் கேளுங்கள்.