சந்தேகங்களுக்கு விளக்கம்: சென்னை தொழிலாளர் சட்ட வகுப்பு நமக்குப் பிரயோசனப்படுமா?

அடுத்த கேள்வி கல்முனையில் இருந்து வந்திருக்கிறது. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து இரண்டு வருடமான ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கொஞ்சம் சுருக்கி வாசிக்கிறேன்.

"சேர், சென்னையில் உள்ளவர்கள் இணையவழியில் நடத்தும் தொழிலாளர் சட்ட வகுப்பு ஒன்றில் சேர விரும்புகிறேன். இங்கே உள்ள மூத்தவர்கள், இந்தியச் சட்டம் உனக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், மருதமுனையில் ஒரு தம்பி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டில் இருந்தே மென்பொருள் வேலை செய்தவர். ஈமெயிலில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னிடம் வந்திருக்கிறார். நான் இந்தியச் சட்டம் படிப்பது பிரயோசனமா, வீண் வேலையா?"

நல்ல கேள்வி தங்கச்சி. சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் சேருவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. நமது இலங்கைச் சட்டத்தில் அதே விடயம் எங்கே இருக்கிறது என்று பிரிவு இலக்கத்தோடு எழுதி வைத்துக்கொண்டு அந்த வகுப்பில் உட்காருங்கள். அண்டை நாட்டுச் சட்டத்தைப் படிக்கும்போது நமக்குத் தேவையானது, அது எங்கே நம்முடையதில் இருந்து பிரிகிறது என்பதுதான். ஒன்றுபோல இருக்கும் இடங்களை எவரும் கண்டுபிடித்துவிடுவார். வழக்கில் நம்மை விழுத்துவது பிரிகிற இடம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு சட்டங்களும் பார்ப்பதற்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், நமக்கு 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டம். அவர்களுக்கு 1972இல் பணிக்கொடைச் சட்டம் (வேலையை விட்டுப் போகும்போது சேவைக்காலத்துக்குக் கிடைக்கும் தொகை பற்றியது), நமக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். சேமலாப நிதிக்கு அவர்களுடையது 1952, நம்முடையது 1958. (இந்தியாவின் இந்தப் பழைய சட்டங்கள் 2025இல் புதிய தொகுப்புகளுக்குள் போய்விட்டன, அதைப் பின்னால் சொல்கிறேன்.) தலைப்பைப் பார்த்து, உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். இந்தியத் தீர்ப்புகளை நமது உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் எடுத்துப் பார்க்கும். ஆனால் அவை நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை, வழிகாட்டும் அளவுதான். எந்தப் பிரிவின் கீழ் அந்தத் தீர்ப்பு வந்தது, அந்தப் பிரிவுக்கு நமது சட்டத்தில் இணையானது இருக்கிறதா என்று பார்க்காமல் தொழில் நியாய சபையில் (வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் நமது மன்றம்) தூக்கிக் காட்டினால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இரண்டு நிமிடத்தில் அதைப் பிரித்துப் போட்டுவிடுவார்.

ஒரு உதாரணத்தைக் கணக்கோடு பார்ப்போம். சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலை என்று வையுங்கள். இருபது பேர் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு மாதச் சம்பளம் 40,000 ரூபா, சேவைக்காலம் சரியாக 6 வருடம். ஆலை நட்டத்தில் ஓடுகிறது, ஆளைக் குறைக்கிறார்கள். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நமது நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தும் விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதங்களுக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரையான வருடங்களுக்கு இரண்டு மாதம். அப்படியென்றால் நமது ஆலைத் தொழிலாளிக்குப் பன்னிரண்டரையும் இரண்டும் சேர்த்துப் பதினான்கரை மாதம், அதாவது 5,80,000 ரூபா.

இதே ஆள், இதே சம்பளத்தில் தஞ்சாவூரில் ஒரு ஆலையில் இருந்தால்? அங்கே ஆட்குறைப்புக்கு வருடம் ஒன்றுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். 6 வருடத்துக்கு 90 நாள். கிட்டத்தட்ட மூன்று மாதம், 1,20,000 ரூபா. அந்த ஆலை அரசாங்கத்தின் முன்அனுமதியும் எடுக்கத் தேவையில்லை. முன்அனுமதி அங்கே தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான். அதிலும் பழைய சட்டத்தில் 100 தொழிலாளர், புதிய சட்டத்தில் 300. நமக்கு 15. வித்தியாசம் விளங்குகிறதுதானே? சென்னை வகுப்பில் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு, சம்மாந்துறைத் தொழிலாளியிடம் "மூன்று மாதச் சம்பளம் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் குடும்பம் இழக்கும் பணம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

பணிக்கொடையில் நிலைமை மற்றப் பக்கம் திரும்பும். இங்கே மாதச் சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு அரை மாதம். 20,000 ரூபாவை ஆறால் பெருக்கினால் 1,20,000. அங்கே மாதச் சம்பளத்தை 26ஆல் பிரித்து 15ஆல் பெருக்குவார்கள். அதனால் அதே ஆளுக்கு ஏறத்தாழ 1,38,460 வரும். இங்கே 15 பேர் வேலை செய்த இடம் என்றால்தான் அந்தச் சட்டம், அங்கே 10 பேர் போதும். காத்தான்குடியில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு புடவைக்கடை என்றால் நமது பணிக்கொடைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் தொழில் நியாய சபையில் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ் பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்த வழியைச் சென்னைக் குறிப்பில் தேடினாலும் கிடைக்காது.

யார் வழக்குப் போடலாம் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் முகாமையாளர் வேலை பார்ப்பவர் தொழில் தகராறு பற்றிய சட்டத்துக்கு வெளியே. மேற்பார்வை வேலை செய்பவர் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கினால் அவரும் வெளியே. இங்கே அப்படிச் சம்பள எல்லை கிடையாது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் முகாமையாளரும் தொழில் நியாய சபைக்குப் போகலாம், அறை சுத்தம் செய்பவரும் போகலாம். இந்திய வகுப்பைக் கேட்டுவிட்டு "நீங்கள் மனேஜர், உங்களுக்கு வழக்கு இல்லை" என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது மிகப் பெரிய அநியாயம்.

உள்ளக விசாரணை என்ற விடயத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். இந்தியத் தீர்ப்புகளில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். முதலாளி முறையாக விசாரணை வைத்தாரா, குற்றப்பத்திரம் கொடுத்தாரா என்பதில் பாதி வழக்கு ஓடும். நமது தொழில் நியாய சபை சாட்சியங்களைத் தானே முதலில் இருந்து கேட்கிறது. விசாரணை வைக்கவில்லை என்பதாலேயே வேலை நீக்கம் தானாக விழுந்துவிடாது. முதலாளி சபையின் முன் வந்து காரணத்தை நிரூபிக்கப் பார்ப்பார். ஆகவே "விசாரணை வைக்கவில்லை" என்ற ஒற்றை வாதத்தோடு போகாதீர்கள். சாட்சியைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். சபை நீதியும் ஒப்புரவுமான கட்டளையைத்தான் கொடுக்கும். அதற்கு உண்மைகள் முன்னால் வர வேண்டும்.

இப்போது வகுப்பைத் தெரிவு செய்வது பற்றி. இந்தியாவில் 2025 நவம்பர் 21ஆம் திகதி முதல் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. பழைய 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஊதியத் தொகுப்பு 2019. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பும் சுகாதாரமும் ஆகிய மூன்றும் 2020. நீங்கள் சேரும் வகுப்பு இந்த நான்கையும் எடுக்கிறதா, பழைய 1947 சட்டத்தையே படிப்பிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். யூடியூபில் கிடைக்கும் பல காணொளிகள் இந்தத் திகதிக்கு முந்தியவை. உதாரணத்துக்கு, வேலை நீக்கத்தை எதிர்த்து நேரடியாகப் போகும் காலம் பழைய சட்டத்தில் 3 வருடம், புதியதில் 2 வருடம். குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர் பணிக்கொடைக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையை விட்டு நின்றவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் புதியவை.

இன்னொன்று, இந்தியாவில் தொழிலாளர் விடயம் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவானது. அதனால் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டங்கள் இருக்கின்றன. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தர அந்தஸ்து கொடுக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒன்று. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த திருத்தம். நமது ஊர்ப் புடவைக்கடைகளில் காலையில் இருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். அண்டை நாட்டுச் சட்டத்தைப் படிப்பதில் இப்படியும் ஒரு நன்மை உண்டு. நமது சட்டத்தில் எதைக் கேட்டுப் போராடலாம் என்பது கண்ணில் படும். சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கும், சட்டத் திருத்த ஆலோசனை எழுதுவதற்கும் அது உதவும்.

சரி, மருதமுனைத் தம்பியின் விடயத்துக்கு வருவோம். இதில் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. எந்தத் திகதியில் அந்த ஈமெயில் வந்தது? நமது தொழில் நியாய சபைக்கு வேலை நிறுத்தப்பட்ட நாளில் இருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். தொழில் ஆணையாளரிடம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முறையிடவும் அதே 6 மாதம்தான். இந்தியாவில் இரண்டு வருடம் இருக்கிறது என்று யாராவது சொல்வதைக் கேட்டு ஆறுதலாக இருந்துவிட்டால் இங்கே கதவு மூடிவிடும்.

அதன் பிறகு கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஊழியர் என்று எழுதியிருக்கிறதா, ஒப்பந்தக்காரர் என்று எழுதியிருக்கிறதா? ஒப்பந்தக்காரர் என்று இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். வேலை நேரத்தை யார் தீர்மானித்தார்கள், லீவு யாரிடம் கேட்டார், மடிக்கணினி யார் கொடுத்தது, மாதாமாதம் ஒரே தொகை வந்ததா என்று கேளுங்கள். வங்கிக் கூற்றையும், வேலை பற்றிய வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றைக்கே சேமித்து வைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் ஈமெயில் கணக்கை எந்த நேரமும் பூட்டிவிடுவார்கள். அந்த நிறுவனத்துக்குக் கொழும்பில் பதிவு செய்த கிளையோ துணைக் கம்பனியோ இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் வழக்கின் போக்கே மாறும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டப்பட்டதா என்ற கேள்வியும் வரும். கிளை இல்லாவிட்டால், இங்கே கட்டளை கிடைத்தாலும் அதைச் சென்னையில் நிறைவேற்றுவது கடினம். இதைத் தம்பியிடம் முதல் நாளே நேராகச் சொல்லிவிடுங்கள். பொய் நம்பிக்கை கொடுக்க வேண்டாம்.

மருதமுனையில் இருந்து வேலை செய்தவருக்கு இந்தியத் தொகுப்புகள் பொருந்துமா என்பதற்கு நீங்கள் அபிப்பிராயம் எழுதக் கூடாது. வகுப்பில் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தாலும் கூடாது. இந்தியாவில் வழக்காடுவது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்துக்கு உட்பட்டது. வெளிநாட்டுச் சட்டத்தரணிக்கு இந்திய வழக்கறிஞர் கழகம் 2023இல் விதிகளைக் கொண்டுவந்தபோதும் நீதிமன்றத்தில் தோன்ற இடம் கொடுக்கவில்லை. ஆகவே அங்கே உள்ள ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் அபிப்பிராயம் எடுங்கள். நீங்கள் படித்த வகுப்பு இங்கேதான் உண்மையாக உதவும். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பீர்கள், அவர் தரும் பதிலில் ஓட்டை இருந்தால் பிடிப்பீர்கள், கட்டணம் கேட்டால் அது எந்த வேலைக்கு என்று விளங்கும். அது சின்ன விடயம் இல்லை. நமது பகுதியில் இருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் பிள்ளைகள் சிக்கலில் மாட்டினால் முதலில் வருவது ஊரில் இருக்கும் சட்டத்தரணியிடம்தான். அவர்கள் கொழும்புக்கு ஓடத் தேவையில்லாமல் நீங்கள் இங்கேயே வழி காட்ட வேண்டும்.

மூத்தவர்கள் கேட்பதில் தப்பில்லை. நமது சட்டத்தையே சரியாகப் படிக்காமல் அங்கே போகக் கூடாது என்ற அக்கறையில்தான் கேட்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தொழில் வழக்குச் செய்பவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் போதும். இந்தியச் சட்டங்கள் இந்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருவர் இந்தியப் பிரிவை வாசிக்கட்டும், இன்னொருவர் நமது பிரிவை வாசிக்கட்டும், மற்ற இருவரும் ஒரு கற்பனைத் தொழிலாளியின் சம்பளத்தைப் போட்டு இரண்டு பக்கமும் கணக்குப் பார்க்கட்டும். பணிக்கொடையில் தொடங்குங்கள், அது இலகு. அது முடிந்ததும் வேலை நீக்கத்துக்குப் போங்கள். தம்பியின் ஈமெயில் திகதியை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.