ராமாவில் அழுதவள் யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எதிரணி நண்பர் ஒரு கேள்வியைக் கேட்டுக் கைதட்டலும் பெற்றுச் சென்றார். "அறிவியல் வந்து மறுத்த பிறகுதான் விவிலிய வரிகளை உருவகம் என்கிறீர்கள், இது தப்பிக்கும் வழியல்லவா?" என்றார். பதில் சொல்வதற்கு முன், விவிலியம் சொல்லும் இஸ்ரவேலின் அரசன் தாவீதின் அரண்மனைக்குப் போவோம்.

தன் படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் சாகவிட்ட அரசன் அவன். அவனை யார் தட்டிக் கேட்பது? நாத்தான் தீர்க்கதரிசி ஒரு வழக்கைச் சொன்னார். ஓர் ஏழையிடம் ஒரே ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. அவன் உண்ட உணவையே உண்டு, அவன் கிண்ணத்திலேயே குடித்து, அவன் மடியிலேயே உறங்கி, மகளைப்போல வளர்ந்த குட்டி அது. ஏராளமான மந்தைகள் வைத்திருந்த செல்வந்தனோ, விருந்தாளி வந்தபோது தன் ஆட்டைத் தொடாமல், அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்துச் சமைத்தான். தாவீது கொதித்தெழுந்தான், அவன் சாகவேண்டியவன், நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தான். நாத்தான் சொன்னார்: "நீயே அந்த மனுஷன்."

அந்த ஆடு எந்த ஊரில் இருந்தது, அதற்குச் சான்று என்ன என்று அங்கே நின்று ஒருவர் கேட்டால், அவர் கதையையும் இழக்கிறார், நீதியையும் இழக்கிறார்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். விவிலியத்தின் படைப்புக் கதையில் சூரியன் படைக்கப்படுவதற்கு முன் முதல் மூன்று நாள்கள் எப்படி வந்தன, கடவுள் உழவரைப்போலத் தோட்டம் நட்டார் என்று யார் நம்புவார் என்று கேட்டவர் மூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன். கலிலேயோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியதோ 1609இல். இடையே 1,300 ஆண்டுகளுக்கும் மேல் கிடக்கையில், இதில் தப்பித்தல் எங்கே இருக்கிறது? சூரியன் நிலையாக நிற்கிறது என்னும் கருத்தை 1616இல் ரோமில் இறையியலாளர்கள் கண்டித்தது, வேதச் சொற்களை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டதால்தான். அது எங்கள் பக்கத்துப் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாசிப்பையே இன்று எதிரணி கையில் எடுத்திருப்பது எனக்கு வேதனை தருகிறது.

நடுவர் அவர்களே, எருசலேம் வீழ்ந்தபின் சிறைப்பட்டவர்கள் ராமா என்னும் ஊரில் சங்கிலியோடு நின்றார்கள். அவர்களுள் எரேமியா தீர்க்கதரிசியும் ஒருவர். பிள்ளைகளை இழந்த ராகேல், அந்த மக்களின் மூதாய், ஆறுதல் பெற மறுத்து அழும் குரல் ராமாவில் கேட்கிறது என்று அவருடைய நூல் சொல்கிறது. ராகேலோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பென்யமீனைப் பெற்ற வழியில் இறந்துபோனவள். இறந்தவள் அழுவாளா என்று ஐயவாதி கேட்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இந்த அவையில் இருந்தால், அவளிடம் போய் அதே கேள்வியைக் கேளுங்கள், ஐயா. அவள் சொல்லும் பதிலையே உங்கள் தீர்ப்பாக எழுதுங்கள்.