பகலில் கிளாக்கர், இரவில் சயந்திரதன்

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தொழில்முறை நடிகனாக இல்லாத ஒருவன் பாட்டும் ஆட்டமுமான நாடகத்தில் நடிப்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். மட்டக்களப்பில் அப்படி ஒருவனைத் தேடி அலையத் தேவையில்லை. எங்கள் கூத்துக் களரியில், அதாவது கூத்து ஆடும் மேடையில், ஏறுகிற எல்லாரும் அந்த இனம்தான். வயல் செய்கிறவர், வாவியில் வலை வீசுகிறவர், மேசன், ஓட்டோ ஓடுகிறவர், வாத்தியார். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளாக்கர். கூத்தை மட்டும் நம்பி அடுப்பு எரித்த ஒருவரை எனக்குத் தெரியாது. கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற எங்கள் அண்ணாவியாருக்கே சோறு போடுவது வயல்தான்.

பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள்தானே, கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுவோம் என்று சிலர் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிப்பதில்லை. கூத்து முழுவதுமே எங்களைப் போன்ற ஆட்களைக் கணக்கில் எடுத்துக் கட்டப்பட்டது. சங்கீதம் படிக்காதவனைப் பாட வைக்க வேண்டும், கட்டுக்கட்டாகப் பாட்டை மனப்பாடம் செய்ய நேரமில்லாதவனை விடிய விடிய ஆட வைக்க வேண்டும். இதற்கெல்லாம் எங்கள் முன்னோர் வழி கண்டிருக்கிறார்கள். அந்த வழிகளைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டம் கொடுத்தல். எந்தக் கூத்து என்று ஊர் முடிவு செய்த பிறகு, பெரியவர்கள் முன்னிலையில் அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் பார்த்துப் பாத்திரத்தைப் பிரித்து, அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பார். அன்று ஊரில் நடக்கும் அரசியலைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் வைத்துத்தான் பேச வேண்டும். தருமர் வேஷம் தன் மகனுக்குத்தான் வர வேண்டும் என்று ஒரு குடும்பம் முகத்தைத் தூக்கும். இன்னொருவர் துரியோதனனாக ஆடிய தகப்பனாரின் பெயரைச் சொல்லி உரிமை கேட்பார். எனக்கு, பாரதப் போரில் அபிமன்யு மடியும் நாளைச் சொல்லும் 'பதின்மூன்றாம் போர்' கூத்தில் சயந்திரதன் கிடைத்தான். யாரும் போட்டிக்கு வரவில்லை.

பிறகு பழக்கம். வயல் வேலை ஓய்ந்த காலத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாதக்கணக்கில் நடக்கும். முதலில் கால், பிறகுதான் வாய். எட்டுப் போடு, வீசாணம் போடு, பொடியடி, குத்துமிதி என்று மத்தளத்தின் சொல்லுக்குக் காலைப் பழக்குவார்கள். கால் தானாக நடக்கத் தொடங்கிய பிறகே பாட்டு வரும். இந்த ஒழுங்கின் அருமை களரியில் நின்றால்தான் புரியும். ஆயிரம் கண் பார்க்கும்போது மூளை வேலைநிறுத்தம் செய்துவிடும், கால் செய்யாது.

அடுத்து சதங்கை அணிதல். அதுவரை மணலில் சத்தமில்லாமல் மிதித்தவனுக்குச் சதங்கை கட்டுகிற இரவு ஒரு சோதனை. பிழையான இடத்தில் ஒரு கால் விழுந்தால் நாலு பக்கமும் கேட்கும். எங்கள் குழுவில் பீமனாக ஆடிய மேசன் அண்ணன் அன்றைக்கு மூன்றாம் சுற்றில் நின்றுவிட்டார். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை, ஏசவும் இல்லை. அதே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார், அவர் கால் வந்து சேரும் வரைக்கும். இதற்குப் பிறகு கிழமைதோறும் ஆடிப்பார்க்கும் கிழமைக் கூத்து, முழுக்கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல். அதன் பிறகே அரங்கேற்றம்.

அரங்கேற்றத்தில் களரியைப் பாருங்கள். வட்டமான மேடை, மேலே வெள்ளைத் துணி, சுற்றிவர சனம். நடுவில் ஆட்டக்காரரோடு மத்தள அண்ணாவியார் நிற்கிறார். பக்கத்தில் ஏட்டண்ணாவியார், கையில் கொப்பி. மற்ற நாடகங்களில் வசனம் எடுத்துக் கொடுப்பவர் திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். எங்கள் ஏட்டண்ணாவியார் எல்லாருக்கும் தெரியத்தக்கதாகக் களரியிலேயே நின்று அடுத்த அடியைச் சொல்லிக் கொடுப்பார். அது வெட்கமான காரியம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. ஆடுகிறவன் மறப்பான் என்பது தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்ட விஷயம்.

இன்னொன்று பிற்பாட்டு. நான் ஒரு அடி பாடினால் பின்னால் நிற்பவர்கள் அதை எடுத்துப் பாடுவார்கள். அவர்கள் பாடும் நேரத்தில் நான் ஆடுகிறேன், மூச்சு வாங்குகிறேன், அடுத்த அடியை நினைவுபடுத்துகிறேன். இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கரப்புடுப்போடும் தலையில் முடியோடும் சுற்றி ஆடிவிட்டு உடனே பாட எந்த மனிதனுக்கும் மூச்சு இருக்காது. விடியப்புறம் மூன்று மணிக்கு என் தொண்டை கட்டிப்போயிற்று. நான் வாயசைத்தேன் என்பதே உண்மை. பிற்பாட்டுக்காரர் இரண்டு பேர் அந்தத் தருவை, அதாவது ஆட்டப்பாட்டை, தோளில் தூக்கிப்போனார்கள். பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியாது, தெரிந்த மீதிப்பேருக்கு அது புதினமும் இல்லை.

அடுத்த கிழமை கச்சேரிக்கு ஓய்வூதிய விஷயமாக ஒரு ஆச்சி வந்தார். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது என் முகத்தையே பார்த்தார். "அந்தச் சின்னப் பொடியன உள்ளுக்கு விட்டுப்போட்டு மத்தவங்கள மறிச்சியே மனே, உனக்கு ஈரமில்லையா?" என்றார். அபிமன்யுவைச் சக்கர வியூகத்துக்குள் விட்டுப் பாண்டவர்களை வெளியே தடுத்தவன் சயந்திரதன். அந்தப் பழி இப்போது அரசாங்க ஊழியன் தலையில். எந்தப் பரிசைவிடவும் எனக்கு அது பெரிது.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1956இல் எதிரிவீர சரச்சந்திர எழுதிய 'மனமே' சிங்கள நாடகத்தைப் புரட்டிப்போட்டது. அது 'நாடகம' என்ற பழைய சிங்களக் கூத்து வடிவத்தில் ஊன்றி எழுந்தது. அந்த வடிவமோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அந்த எழுச்சியைப் பேராதனையில் இருந்து பார்த்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ஆடியவர்கள் மாணவர்கள், அவர்களும் நம் இனம்தான். பின்னால் வந்த 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர், இன்று நாம் பேராசிரியர் என்று அழைக்கும் சி. மௌனகுரு.

அந்த முயற்சி இல்லாவிட்டால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் விடிய விடிய நடந்தது ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. நாலு பக்கம் இருந்த சனம் ஒரு பக்கத்துக்குப் போனது. இன்று பள்ளிக்கூடப் போட்டிகளில் அது இன்னும் சுருங்கி, நன்றாக ஆடுகிற பிள்ளையை மட்டும் முன்னுக்கு நிறுத்துகிற நிலைக்கு வந்திருக்கிறது. கால் திக்குகிற பிள்ளைக்கு மத்தளம் காத்திருக்க அங்கே நேரமில்லை. நடுவரின் கையில் மணிக்கூடு இருக்கிறது. இது எனக்கு உடன்பாடில்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் ஊரவர்களும் செய்த மீளுருவாக்கம் கூத்தைக் களரியிலும் சமூகத்துக்குள்ளும் வைத்தே புதுக்கியது. எனக்கு அந்தப் பாதை பிடிக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஊரே ஆடியது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஊரில் பெண்கள் இருக்கவில்லை. சுபத்திரையும் மீசை மழித்த ஒரு அண்ணன்தான். எந்தக் களரியில் யார் ஏறலாம் என்பதைச் சாதியும் தீர்மானித்தது. பாத்திரம் பிரிக்கும்போது தருமருக்கு நடந்த சண்டையில் அதன் வாடை இன்னும் அடிக்கிறது. இன்று விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண்பிள்ளைகள் கூத்துப் படிக்கிறார்கள். ஊர்க் களரி அவர்களுக்குப் பின்னால் மெதுவாக வருகிறது.

கடைசியாகக் காசு விஷயம். உடுப்புச் செலவு ஆட்டக்காரர் தலையில். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடும்போது கிடைப்பதில் ஒரு பகுதி திரும்பி வரும், நெல்லாக, தேங்காயாக, சில வீட்டில் வெறும் தேத்தண்ணியாக. மனைவிமார் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை இந்த மேடையில் சொல்லி வீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை.

வருகிற போகம் முடிந்ததும் அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்கிறோம். ஆட ஆள் இருக்கிறது. பிற்பாட்டுக்குத்தான் ஆள் தட்டு, அதிலும் பெண்குரல். குரல் நல்லமில்லை என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் அந்த மூலையில் இருக்கும் ஏட்டண்ணாவியாரிடம் பெயரைக் கொடுங்கள். குரலை அவர் பார்த்துக்கொள்வார்.