பைக் சர்வீஸ்: எதை நாமே பார்க்கணும், எதை ஷோரூமுக்கு விடணும்?

[காட்சி: சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் 150 சிசி பைக். ஒரு விரல் செயினைக் கீழிருந்து தள்ளுகிறது. பக்கத்தில் ஸ்கேல்.]

செயினோட இந்த ஆட்டத்தைப் பாருங்க. என் பைக் மேனுவல்ல 20-லேருந்து 30 மி.மீ. வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. இங்க 40-ஐத் தாண்டுது. மூணு நாள் முன்னாடிதான் சர்வீஸ் முடிச்சு எடுத்தேன். ஜாப் கார்டுல "செயின் கிளீன், அட்ஜஸ்ட்"னு டிக் இருக்கு. செயினைத் தொட்டா விரல்ல எண்ணெயே ஒட்டல.

அந்த மெக்கானிக் மேல எனக்குக் கோபம் இல்லை. திங்கட்கிழமை காலையில வரிசையா நிக்கிற வண்டிகளுக்கு நடுவுல அவருக்கு என் வண்டிக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். ஆனா அந்தச் செயின் மேல தினமும் பிள்ளையைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டுப் போறது நான்.

அப்போ எல்லாத்தையும் வீட்டுலயே பண்ணிடலாமா? கூடாது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுப்பேன்: இந்த வேலையில நான் தப்பு பண்ணினா, அது எனக்கு எப்படித் தெரியவரும்? ஆயில் போல்ட் சரியா உக்காரலைன்னா காலையில தரையில சொட்டு தெரியும். டிஸ்க் பிரேக் குழாய்க்குள்ள காத்து நின்னுட்டா பிரேக் சரியாப் பிடிக்காது; அது முன்னாடி பஸ் நிக்கும்போதுதான் தெரியும். முதல் வகை என் கைக்கு. ரெண்டாவது வகை, பயிற்சி உள்ளவர் கைக்கு.

[காட்சி: சாவி கழற்றப்படுகிறது. வண்டி நியூட்ரலில். பின் சக்கரத்தைக் கை சுற்றுகிறது.]

செயின்லேருந்தே தொடங்குவோம். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில ஓட்டினா அதுக்கு முன்னாடியே. சாவியை எடுத்துப் பையில போட்டுக்கோங்க. இன்ஜினை ஓட விட்டு, கியர் போட்டு, சுத்துற செயின்ல துணி வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். துணியோட விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள, அதாவது செயின் ஓடுற பல்சக்கரத்துக்குள்ள போயிடும். தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க.

மண்ணெண்ணெய் இல்லைன்னா டீசல், ஒரு நைலான் பிரஷ். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். கண்ணிகளுக்கு நடுவுல ரப்பர் வளையம் வச்ச ஓ-ரிங் செயினா இருந்தா அந்த ரப்பர் போயிடும். நல்லாத் துடைச்சுக் காய விட்டு, செயினோட உள்பக்கமா லூப், அதாவது செயினுக்கான மசகு எண்ணெய் விடுங்க. சக்கரம் சுத்தும்போது அது தானா வெளிப்பக்கம் வரும். செயின் லூப் ஸ்ப்ரே இல்லைன்னா 90 நம்பர் கியர் ஆயில் போதும்.

டைட் பண்றதுல ரெண்டு விஷயம். சக்கரத்தை மெதுவாச் சுத்தி, செயின் எந்த இடத்துல அதிகமா இறுகியிருக்கோ அங்க வச்சு அளவு பாருங்க. அப்புறம் பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டு வாங்க. ஒரு பக்கம் முன்னப்பின்ன ஆனா சக்கரம் கோணிக்கும். "நல்லா டைட்டா இருக்கட்டும்"னும் நினைக்காதீங்க. ஆள் உக்காந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும்; அந்த இழுவை கியர்பாக்ஸ் பேரிங் மேலதான் விழும்.

இன்னொண்ணு. பின்னாடி டிரம் பிரேக்கா? செயினுக்காகச் சக்கரம் பின்னால நகரும்போது பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். பெடலோட ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற வெத்து ஆட்டம் குறைஞ்சு, பிரேக் உரசிக்கிட்டே ஓடும். மைலேஜ் குறையுதுன்னு கார்புரேட்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. முடிச்சதும் ஆக்ஸில் நட் இறுகியிருக்கா, பிரேக் லைட் எரியுதான்னு பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.

[காட்சி: ஆயில் டப்பாவின் பின்பக்கம். "ஜேசோ எம்ஏ" என்ற எழுத்து பெரிதாகிறது.]

அடுத்து இன்ஜின் ஆயில். கியர் பைக்குகள்ல பெரும்பாலும் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயில்லயே நனைஞ்சு கிடக்கும். கார் ஆயில் விலை கம்மியா இருக்கேன்னு ஊத்தினா, அதுல உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கலாம், கிளட்ச் வழுக்கும். டப்பாவுல ஜேசோங்கிற ஜப்பான் தர முத்திரையில எம்ஏ இல்லைன்னா எம்ஏ2 இருக்கணும். எம்பி-ன்னு இருந்தா அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. 10டபிள்யூ-30 மாதிரி ஆயிலோட கெட்டித்தன்மையைச் சொல்ற நம்பரை உங்க மேனுவல் சொல்றபடி வாங்குங்க.

பழைய ஆயிலை வெளிய விடுற டிரெயின் போல்ட்ல நான் ஒரு பாடம் படிச்சேன். இரும்பு போல்ட், அலுமினியக் கூடு. கசியக் கூடாதுங்கிற பயத்துல முழு பலத்தோட இறுக்கினேன், மரை போயிடுச்சு. லேத் பட்டறையில புது மரை போட வேண்டியதாச்சு. அதுக்கப்புறம், எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் வாஷரையும் மாத்திடறேன்.

டயர் காத்து, கிளட்ச் கேபிள் ஃப்ரீ பிளே, ஏர் ஃபில்டர், பேட்டரி முனை: இதெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைக்குள்ள முடியும்.

[காட்சி: முன் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் சென்சார்.]

இப்போ ஷோரூம் பக்கம். வாரண்டியில இருக்கிற வண்டியோட இலவச சர்வீஸ் ஒண்ணைக்கூடத் தவற விடாதீங்க. நாளைக்கு இன்ஜின்ல பெரிய பிரச்சினை வந்தா முதல்ல கேக்கிறது சர்வீஸ் ரெக்கார்டைத்தான். 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டிகள்ல, கார்புரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோலைத் தெளிக்கிற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பரவலா வந்துடுச்சு. எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா ஸ்கேனர் போட்டுப் பார்க்கணும், ஸ்பானர் உதவாது. டிஸ்க் பிரேக்கை இயக்குற திரவமான பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதனால பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஏபிஎஸ், அதாவது திடீர்னு பிரேக் பிடிச்சா சக்கரம் இறுகி நிக்காம பார்த்துக்கிற அமைப்பு இருக்கிற வண்டியில அதை வீட்டுல பண்ணாதீங்க.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இதையும் சேர்த்துக்கறேன். வண்டி தண்ணியில மூழ்கிட்டா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க.

ஷோரூம்ல வண்டி விடும்போது பில்லுல என்ன சேர்க்கிறாங்கன்னு முன்னாடியே கேளுங்க. டெஃப்ளான் கோட்டிங், இன்ஜின் ஆடிட்டிவ்... "இது மேனுவல்ல இருக்காங்க?"ன்னு மரியாதையாக் கேட்டாலே பாதி கழண்டுடும். மாத்தின பழைய பார்ட்ஸை வாங்கிப் பாருங்க.

வாரண்டி முடிஞ்ச வண்டிக்கு நம்ம தெரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். பக்கத்துல நின்னு பார்க்க விடுவார். பார்ட்ஸ் நீங்களே வாங்கித் தரணும்னா, சென்னையில இருக்கிறவங்களுக்கு வண்டிப் பார்ட்ஸ் கடைகள் நிறைஞ்ச ஜி.பி. ரோடு இருக்கு, பார்ட் நம்பரை எழுதிக்கிட்டுப் போங்க, வண்டிப் பேரை மட்டும் சொல்லி வாங்காதீங்க.

[காட்சி: பழைய ஆயிலைப் புனல் வழியாகக் கேனில் ஊற்றும் கை.]

வீட்டுல எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலயோ செடி ஓரத்துலயோ ஊத்தாதீங்க, அது மண்ணையும் நிலத்தடித் தண்ணியையும் கெடுக்கும். ஒரு கேன்ல சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கிற மெக்கானிக் கடையில குடுத்துடுங்க. அப்படியே ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரை ஒரு நோட்டுல எழுதி வைங்க. என்னோடது இன்னைக்கு 31,460. செயினை அடுத்துப் பார்க்கிறது 31,960-ல.